தொடக்கூடாத வயிறு

ஆபரேஷன் அறைக்குப் போகும் தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு, நான்கு வயது ஜெனி என்னைப் பார்த்துக் கை நீட்டினாள்.

"அத்தை, தூக்குங்க."

நான் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். அந்த நடைவழியில் ஏர்கோன் குளிர் அதிகம். பார்த்தவர்கள் கிழவிக்குக் குளிருகிறது என்று நினைத்திருப்பார்கள். அப்போது நான் கிழவியும் இல்லை, எனக்குக் குளிரவும் இல்லை.

பச்சைத் தொப்பி போட்ட நர்ஸ் மிஸ்ஸி வண்டியைத் தள்ளினார். அதில் ஒரு சக்கரம் மட்டும் கிறீச் கிறீச் என்றது. பிள்ளையின் தலையில் முடி ஒன்றுகூட இல்லை. அஞ்சாறு வாரம் ஏற்றிய மருந்து எல்லாவற்றையும் கொட்ட வைத்திருந்தது. துணித்தொப்பி பெரிதாக இருந்ததால் கண் வரைக்கும் இறங்கிவிட்டது. அதை ஒரு விரலால் தூக்கிவிட்டால் அவளுக்கு என் முகம் தெரியும். அதைக்கூட நான் செய்யவில்லை. என் தம்பி அந்தோணிதான் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

கதவு இரண்டு பக்கமும் திறந்தது, மூடியது. சக்கரச் சத்தம் கொஞ்ச நேரம் உள்ளே கேட்டது.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில், கிள்ளான் கொமுட்டர் ரயில் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்த கதைகளைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: என் பெயர் ஸ்டெல்லா. கல்யாணம் ஆகவில்லை. அதை நினைத்து வருத்தப்பட்டுக் கடிதம் எழுதும் வாசகர்களுக்கு நன்றி, எனக்கு அந்த வருத்தம் இல்லை. என் ஏக்கம் வேறு. அதை எழுதாமல் மற்றதை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

சனிக்கிழமை எண்ணெய்

அந்தோணி போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். அவன் மனைவி ரோஸி கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தாள். நாங்கள் எல்லாரும் கிள்ளானில் ஒரு தாமான் குடியிருப்பில் ஒரே வீட்டில் இருந்தோம். சனிக்கிழமை எனக்கு ஓய்வு நாள். அதனால் அவர்கள் மகள் ஜெனிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது என் பொறுப்பு.

பொறுப்பு என்று பெருமைக்குச் சொல்கிறேன். உண்மையில் அதற்காகத்தான் அந்த வாரமே ஓடும். டிக்கெட் கவுண்டரில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் நான். கீழே சின்னத் திறப்பு, அதன் வழியாக வரும் விரல்கள், அவ்வளவுதான் மனிதர்கள். யாரையும் தொட வேண்டிய அவசியமே இல்லாத வேலை. சனிக்கிழமை காலையில் மட்டும் ஒரு முழுப் பிள்ளை, எண்ணெயில் வழுக்கிக்கொண்டு, "கண்ணுல எரியுது அத்தை" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு, என் கைக்குள் கிடைக்கும். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், முழங்காலில் எங்கே அழுக்குச் சேரும் என்று எனக்கு அத்துப்படி. இடது தோளுக்குக் கீழே ஒரு மச்சம் உண்டு. பெற்றவளுக்கே நான்தான் அதைக் காட்டினேன்.

அப்படி ஒரு சனிக்கிழமை தேய்த்துக்கொண்டு வரும்போது, இடது விலாவுக்குக் கீழே என் உள்ளங்கை நின்றுவிட்டது.

உள்ளே ஏதோ உருண்டையாக இருந்தது. துணிப்பைக்குள் கிடக்கும் உருளைக்கிழங்கை வெளியிலிருந்து தொட்ட மாதிரி. அழுத்திப் பார்த்தேன். ஜெனி நெளிந்துகொண்டு சிரித்தாள்.

"கிச்சுகிச்சு மூட்டாதீங்க அத்தை!"

அவளுக்கு வலியே இல்லை. சாப்பிட்டாள், ஓடினாள், என் செருப்பைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தாள்.

ரோஸி அன்று மத்தியான ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே குளியலறைக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு மூணு நாளா அவ கக்கூஸ் சரியா போகலக்கா. குடல் ஏறியிருக்கும். நீங்கதான் நல்லா உருவுவீங்களே, கொஞ்சம் உருவி விடுங்களேன்."

"அந்தோணிகிட்ட சொல்லிட்டு கிளினிக்குக்குத் தூக்கிட்டுப் போலாமா?"

"அவரு இன்னைக்கு பினாங்கு டிரிப். சொன்னா அங்கேயிருந்தே கத்துவாரு. முதல்ல உருவிப் பாருங்கக்கா."

சரி என்றேன். எனக்கும் கிளினிக்கில் போய்க் காத்துக் கிடப்பதைவிட அது சுலபமாகப் பட்டது. நானும் ஆசையாகத்தான் சரி என்றேன், இதில் ரோஸியைச் சொல்லிக் குற்றமில்லை.

வயிறு உருவுவது பற்றிக் கொஞ்சம்

இளையவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். பிள்ளை சாப்பிடாமல் இருந்தால், வயிறு உப்பினால், வாந்தி எடுத்தால், எங்கள் ஆட்கள் 'குடல் ஏற்றம்' என்பார்கள். விளக்கெண்ணெயைக் கொஞ்சம் சூடு பண்ணி, தொப்புளைச் சுற்றியும் விலாவிலிருந்து கீழாகவும் உருவுவார்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் இருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில் அந்த வேலை என் அம்மாவுடையது. இந்து, வேதக்காரர் என்ற பேதமில்லாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நான் எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

அம்மாவின் கையில் பாதிப் பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும். மீதிப் பாதிக்கு இரண்டு நாளில் தானாகவே சரியாகிவிடும். ஆகவே அம்மா தோற்றதே கிடையாது. அந்தக் குவார்ட்டர்ஸ் நின்ற இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. அதைப் பற்றி எனக்குப் பெரிய துக்கமெல்லாம் இல்லை, அங்கே கூரை எப்போதும் ஒழுகும். அங்கிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது இந்த உருவுகிற பழக்கம் ஒன்றைத்தான். அதை விட்டுவிட்டு வேறு எதையாவது எடுத்து வந்திருக்கலாம்.

முதல் சனிக்கிழமை உருவினேன். சாயங்காலமே ஜெனி கக்கூஸ் போனாள். ரோஸி தொழிற்சாலையிலிருந்து போன் போட்டு, "உங்க கை கைதான்க்கா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை உருண்டை அப்படியே இருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தி உருவினேன். மூன்றாவது சனிக்கிழமை அது பெரிதானது போலத் தோன்றியது. உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, விலாவிலிருந்து தொப்புள் வரைக்கும் பலமாக இறக்கினேன். ஜெனி முதல் தடவையாக அழுதாள்.

திங்கட்கிழமை அவள் மூத்திரம் கல்யாண வீட்டு சிவப்பு சிராப் தண்ணீர் நிறத்தில் போனது.

கட்டிலுக்கு மேலே ஓர் அட்டை

கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். எடுத்த பெண் ஒன்றும் பேசாமல் வெளியே போய் ஒரு டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கே ஆம்புலன்ஸில் கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள்.

அங்கே பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் நோராய்னி எங்களைப் பார்த்தார். குள்ளமான மலாய்ப் பெண்மணி. காலில் ஓட்டப்பந்தயச் சப்பாத்து. இடது சிறுநீரகத்தில் ஒரு கட்டி, புற்றுக்கட்டி என்றார். சின்னப் பிள்ளைகளுக்கு வருகிற வகை. யார் செய்த பாவமும் இல்லை, சாப்பாட்டாலும் இல்லை. பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம். ஒரே ஒரு விஷயம், அந்தக் கட்டியின் மேல்தோல் மெல்லியது. அமுக்கினால் உடையும். உடைந்தால் உள்ளே இருப்பது வயிறு முழுக்கச் சிந்தும்.

சொல்லிக்கொண்டே கட்டிலுக்கு மேலே சிவப்பு மையில் எழுதிய ஓர் அட்டையை ஒட்டினார். 'ஜாங்ஙான் தெக்கான் பெரூட்' என்று மலாயில். அதற்குக் கீழே ஒரு தமிழ் மிஸ்ஸி பிறகு வந்து, 'வயிற்றைத் தொடாதீர்கள்' என்று பேனாவால் எழுதிவைத்தார். அது எங்களுக்கு மட்டும் இல்லையாம். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் கூட்டமாக வருவார்களாம், ஆளுக்கு ஒரு தடவை அமுக்கிப் பார்க்க ஆசைப்படுவார்களாம். அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

பிறகு அவர் எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டார்.

"அடா சியாப்பா-சியாப்பா உருட் பெரூட் டியா?"

யாராவது இவள் வயிற்றை உருவினீர்களா என்ற கேள்வி. அவருக்குத் தெரியும். இந்த நாட்டில் எல்லா இனத்து வீட்டிலும் வயிற்றை உருவ ஒருத்தி இருப்பாள்.

"இல்ல டாக்டர்," என்றான் அந்தோணி. அவனைப் பொறுத்தவரை அது உண்மை. மூன்று சனிக்கிழமையும் அவன் லோரியில் இருந்தான்.

ரோஸி தரையைப் பார்த்தாள். நான் அட்டையைப் பார்த்தேன். டாக்டர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. முதலில் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்கினால், எடுக்கும்போது உடையும் ஆபத்துக் குறையும் என்றார்கள். அந்த வாரங்களில் நான் லீவு போட்டுவிட்டுப் பகலெல்லாம் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஜெனி சட்டையைத் தூக்கிக்கொண்டு, "அத்தை, இங்க அரிக்குது, சொறிஞ்சு விடுங்க" என்பாள்.

"அங்க தொடக்கூடாதும்மா. போர்டு போட்டிருக்காங்க பாரு."

"நீங்க மெதுவா தொடுவீங்கல்ல?"

இந்தக் கேள்விக்கு நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போய்விடுவேன். பாட்டிலில் தண்ணீர் நிறைய இருக்கும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரியிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் மாதா கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். நடந்ததை எல்லாம் சாமியாரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இத டாக்டர்கிட்ட சொல்லிட்டியாம்மா?"

"இல்ல ஃபாதர்."

"கடவுளுக்கு முன்னாடியே தெரியும். டாக்டருக்குத்தான் தெரியாது."

மூன்று 'அருள்நிறைந்த மரியே' ஜெபம் சொல்லச் சொன்னார். நான் முப்பது சொன்னேன். டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் பிள்ளையிடமிருந்து என்னைப் பிரித்துவிடுவார்கள் என்ற பயம்.

பப்பாளி

ஆபரேஷனுக்கு முதல் நாள் டாக்டர் நோராய்னி எங்களை ஓர் அறையில் உட்கார வைத்தார். ஏதோ பழைய விண்ணப்பப் பாரத்தின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். இரண்டு சிறுநீரகம். ஒன்றின் மேல் பெரிய வட்டம். வயிற்றின் குறுக்கே, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் வெட்ட வேண்டும். இரத்தக்குழாயைக் கட்டிவிட்டு, சிறுநீரகத்தையும் கட்டியையும் பிரிக்காமல், முழுசாக ஒன்றாகவே வெளியே எடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நெறிக்கட்டிகளையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். மனிதருக்கு ஒரு சிறுநீரகம் போதும், வாழ்நாள் முழுக்கப் போதும்.

"கனிந்த பப்பாளி மாதிரி," என்றார் மலாயில். "தோல் கிழியாமல் தூக்க வேண்டும். கிழிந்தால் விதை எல்லாம் உள்ளே விழுந்துவிடும்."

"விழுந்தா?" என்றான் அந்தோணி.

"முன்னாலேயே கிழிந்திருந்தாலும் சரி, நாளைக்குக் கிழிந்தாலும் சரி, வயிறு முழுக்கக் கதிர் சிகிச்சை கொடுக்க வேண்டிவரும். இவளுக்கு நாலு வயசு. இடுப்பு எலும்பு சரியாக வளராமல் போகலாம். பெரியவளானதும் குழந்தை பெறுவது கஷ்டமாகலாம்."

ரோஸி முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முன்னாலேயே கிழிந்திருந்தால் என்றதும் மூன்றாவது சனிக்கிழமை ஜெனி அழுத சத்தம் காதில் கேட்டது. இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"டாக்டர், சாயா யாங் உருட்," என்றேன். நான்தான் உருவினேன். "மூணு சனிக்கிழமை."

அந்தோணி என் பக்கம் திரும்பினான். நான் அவனைப் பார்க்கவில்லை, டாக்டரின் பேனாவைப் பார்த்தேன். அது எழுதத் தொடங்கியிருந்தது. எந்தப் பக்கம் உருவினீர்கள், எவ்வளவு பலமாக, பிள்ளை அழுதாளா, அதற்குப் பிறகு காய்ச்சல் வந்ததா, வயிறு வலிக்கிறது என்றாளா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்," என்றார். "பரவாயில்லை. நாளைக்குத் திறந்ததும் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்." பிறகு பேனாவை மூடிக்கொண்டு கேட்டார். "கட்டியை முதலில் கண்டுபிடித்தது யார்?"

"நான்தான் டாக்டர். குளிப்பாட்டும்போது."

"பெரும்பாலும் அப்படித்தான். இந்தக் கட்டி வலிக்காது, பிள்ளைகள் சொல்ல மாட்டார்கள். குளிப்பாட்டுகிறவர்கள் கையில்தான் தட்டுப்படும்."

அறைக்கு வெளியே வந்ததும் அந்தோணி என்னைச் சுவர் ஓரமாகக் கூப்பிட்டான். சின்ன வயதிலிருந்து என் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத தம்பி அவன். குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்.

"அக்கா, இனிமே என் புள்ள மேல கை வைக்காதே."

ரோஸி அவன் பின்னால் நின்றாள். "உருவச் சொன்னதே உன் பொண்டாட்டிதான்" என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லாததைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கு மயக்கம் தெளிந்து கண் திறக்கும் பிள்ளைக்கு அப்பாவும் அம்மாவும் ஒன்றாக நிற்க வேண்டும். அத்தை ஓரமாக நின்றால் போதும்.

தா பெச்சா

முதலில் சொன்ன நடைவழிக்கு இப்போது திரும்பி வருகிறேன். என் கைகள் ஏன் கக்கத்தில் இருந்தன என்று உங்களுக்குத் தெரியும்.

காலையில் உள்ளே போனாள். அந்தோணி பான மெஷின் பக்கத்தில் நின்றான். எல்லாப் பட்டனையும் படித்தான், ஒன்றையும் அழுத்தவில்லை. ரோஸி ஜெபமாலையை உருட்டினாள். எதிரே உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா எங்களுக்கும் சேர்த்துக் கரிப்பாப் பலகாரம் வாங்கி வந்து கொடுத்தார். என் பங்கு மடியிலேயே ஆறிப்போனது. உள்ளே யார் கதவைத் திறந்தாலும் மூவரும் எழுந்து நிற்போம், உட்காருவோம். வேறு யாருடைய பிள்ளையோ வெளியே வரும்.

அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டது இதுதான். பிள்ளை பிழைக்க வேண்டும், கட்டி முழுசாக வர வேண்டும். இது இரண்டும் நடந்தால் ஜெனியை நான் ஆயுசுக்கும் தொடமாட்டேன். அப்படியே வார்த்தை கொடுத்தேன். அந்தோணி சொன்னதை மாதாவிடம் நானே ஒருமுறை சொல்லிக்கொண்ட மாதிரிதான்.

மத்தியானம் தாண்டி டாக்டர் நோராய்னி வந்தார். நெற்றியில் தொப்பியின் தடம் பதிந்திருந்தது. நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சுடா கெலுவார் செமுவா. தா பெச்சா."

எல்லாம் வெளியே வந்துவிட்டது, உடையவில்லை.

ரோஸி டாக்டரைக் கட்டிக்கொண்டாள். அந்தோணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். எனக்கும் யாரையாவது கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது, கைகளை வெளியே எடுத்தேன், எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடியும் இடுக்கிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துச் சோதனை அறிக்கையும் அதையே சொன்னது. கதிர் தேவையில்லை. மிச்ச மருந்தை மட்டும் ஏற்றி முடித்தார்கள்.

அறிக்கை வந்த அன்றைக்கு அந்தோணியிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"உடையலைன்னு எழுதியிருக்காங்கப்பா."

"உடையல. சரிக்கா," என்றான். "உடைஞ்சிருந்தா?"



ஒரு கை தூரம்

அவர்கள் ரோஸியின் சொந்தக்காரர்கள் இருக்கும் பந்திங்கிற்கு வீடு மாறினார்கள். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. பிறந்தநாள், கிறிஸ்மஸ், ஜெனியின் முதல் நற்கருணை, எதற்கும் என்னைக் கூப்பிடாமல் விட்டதில்லை. அந்தோணி நாற்காலி எடுத்துப் போடுவான், பானம் ஊற்றிக் கொடுப்பான். கை வைக்காதே என்ற பேச்சை அவன் திருப்பி எடுக்கவும் இல்லை, இன்னொரு தடவை சொல்லவும் இல்லை.

முதல் வருடம் ஜெனி என்னைப் பார்த்ததும் ஓடி வருவாள். நான் கைப்பையை முன்னால் பிடித்துக்கொள்வேன். பிள்ளைகளுக்கு எல்லாம் சீக்கிரம் புரிந்துவிடும். அடுத்த வருடம் வாசற்படியில் நின்றே "ஹாய் அத்தை" என்றாள். வந்தவர்கள் எல்லாரும் அவள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், முத்தம் கொடுப்பார்கள். நான் முறுக்கு டப்பாவை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்புவேன்.

பதிமூன்று பதினான்கு வருடச் சனிக்கிழமைகளைக் கற்பனை செய்து பாருங்கள். நான் திரைச்சீலை துவைத்தேன், ஜன்னல் துடைத்தேன், பாத்திரக் கடைக்காரர் பார்த்தால் வேலைக்கே சேர்த்துக்கொள்ளும் அளவுக்குப் பாத்திரம் தேய்த்தேன். என்ன செய்தாலும் காலை பத்து மணிக்கு என் கை அவளைத் தேடும். நல்லெண்ணெய் வாசம் பட்டால் அழுகை வரும், அதனால் சமையலுக்கும் வாங்குவதை நிறுத்திவிட்டேன். அவள் தோள் மச்சம் பெரிதாகியிருக்குமா என்று யோசிப்பேன். இதற்கிடையில் ஸ்டேஷனில் கார்டு மெஷின் வந்தது, எனக்கு உள்ளே மேசை வேலை கொடுத்தார்கள். திறப்பு வழியாக வரும் விரல்களும் போயின.

கட்டியைக் கண்டுபிடித்த கை இது. அதையே மூன்று வாரம் அமுக்கியதும் இதே கை. எந்தக் கணக்கில் இதை எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தோணியின் வாய்ஸ் மெசேஜ்

சமீபத்தில் ஒரு நாள் மத்தியானம், ஓய்வுபெற்ற எல்லாரையும் போல நானும் டிவியைப் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தபோது அந்தோணியின் வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவன் எனக்கு வாய்ஸ் அனுப்புகிறவன் இல்லை. கிறிஸ்மஸுக்கு ஒரு நட்சத்திரப் படம் அனுப்புவான், அவ்வளவுதான்.

"அக்கா. நான் ஜோகூர்ல இருக்கேன். கண்டெய்னர் எறக்கிட்டு வர ரெண்டு நாளாகும். ரோஸிக்கு லீவு கெடைக்கல. வியாழக்கிழமை ஜெனிக்கு கோலாலம்பூர்ல ஸ்கேன். நீ கூடப் போறியா?"

பிறகு கொஞ்ச நேரம் லோரி எஞ்சின் சத்தம் மட்டும்.

"ரோஸி எல்லாத்தையும் சொல்லிட்டா. நீ ஏன்க்கா சொல்லல?"

பிறகு ரோஸி போனில் விவரம் சொன்னாள். ஜெனிக்குப் பதினெட்டு வயதாகப் போகிறது. இனிமேல் பிள்ளைகள் கிளினிக் இல்லை, பெரியவர்கள் கிளினிக்கிற்கு மாற்றுகிறார்கள். அதற்கு ஒரு பாரம் நிரப்ப வேண்டியிருந்தது. நோய் முதலில் எப்படித் தெரிந்தது என்று அதில் ஒரு கேள்வி. ஜெனி சாப்பாட்டு மேசையில் பாரத்தை வைத்துக்கொண்டு, "எப்படிமா தெரிஞ்சது?" என்று கேட்டிருக்கிறாள்.

"அத்தை குளிப்பாட்டும்போது கண்டுபிடிச்சாங்கன்னு சொன்னேன்க்கா. அதோட நிறுத்தியிருக்கலாம், நிறுத்த முடியல. உருவச் சொன்னது நான்னும் சொல்லிட்டேன். அவரு தட்டை அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிட்டாரு." ரோஸி மூக்கை உறிஞ்சினாள். "இத்தன வருசம் என்னால சொல்ல முடியலக்கா. பயமா இருந்துச்சு."

"எனக்கும்தான் பயம்," என்றேன். "விடு."

அந்தோணிக்கு நீளமாக ஒரு பதில் டைப் செய்தேன். அழித்தேன். மறுபடி டைப் செய்து மறுபடி அழித்தேன். கடைசியில் 'போறேன்' என்று மட்டும் அனுப்பினேன்.

குளிர்ந்த ஜெல்

ஜெனி பந்திங்கிலிருந்து பஸ்ஸில் கிள்ளானுக்கு வந்தாள். என்னைவிட உயரம். பையில் நாலு பொம்மைச் சாவிக்கொத்து தொங்கியது. கொமுட்டரில் நான் அவளுக்கும் எனக்கும் நடுவில் என் கைப்பையை வைத்து உட்கார்ந்தேன்.

"நீங்க ஏன் எப்பவும் தள்ளியே உக்கார்றீங்க அத்தை? என் மேல ஸ்மெல் வருதா?"

"சீ, இல்லம்மா. ஏர்கோன் குளிருது."

"குளிருச்சுன்னா பக்கத்துலதான் ஒட்டி உக்காருவாங்க லா," என்று சொல்லிவிட்டு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டாள். அந்தோணி பேசாமல் இருந்து மடக்குவான், இவள் பேசியே மடக்குகிறாள்.

ஸ்கேன் எடுப்பவர் சின்ன வயதுப் பெண். ஜெனி படுத்துச் சட்டையைத் தூக்கினாள். அப்போதுதான் அந்தத் தழும்பை முதன்முதலாகப் பார்த்தேன். இடுப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை, அவளோடு சேர்ந்து வளர்ந்து நீண்டிருந்தது. அந்தப் பெண் ஜெல்லைப் பிதுக்கி வயிறு முழுக்கப் பூசிவிட்டு, கருவியை வைத்து இடது விலாவுக்குக் கீழே அமுக்கினார்.

"ப்லான்-ப்லான்!" என்று கத்திவிட்டேன். மெதுவாக என்று.

அவர் திடுக்கிட்டுக் கையை எடுத்தார். "அமுக்கினால்தான் தெரியும், மாக்சிக்," என்றார். வயதான பெண்களை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஜெனி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

"அத்தை," என்றாள். "இனிமே ஒண்ணும் ஒடையாது லா."

திரையைப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஓர் அவரை விதை. வலது சிறுநீரகம், கொஞ்சம் பெரிதாக இருக்கும், இரண்டுபேர் வேலையையும் அது ஒன்றே செய்கிறது, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் அந்தப் பெண். ஒரு கட்டு டிஷ்யூவைக் கட்டிலில் வைத்துவிட்டு, அறிக்கை எடுக்க வெளியே போனார்.

ஜெனி இரண்டு கைகளாலும் சட்டையை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜெல் இடுப்புப் பக்கமாக வழிந்தது.

"அத்தை, தொடச்சு விடுங்க. சட்டைல படப்போகுது."

கைகளைக் கக்கத்திலிருந்து எடுத்தேன். மாதாவுக்குக் கொடுத்த வார்த்தை ஞாபகம் வந்தது. மாதாவும் ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டியவள்தானே, இந்த ஒரு தடவை விட்டுவிடு தாயே என்று மனசுக்குள் சொல்லிவிட்டு டிஷ்யூவை எடுத்தேன். ஜெல் குளிர்ந்திருந்தது, எண்ணெய் போல வழுக்கியது. தழும்பின் ஓரமாகத் துடைத்துக்கொண்டே போனேன். இடது விலாவுக்குக் கீழே வந்ததும் என் உள்ளங்கை தானாகவே நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. மிருதுவாக இருந்தது. அவள் மூச்சு விடும்போது என் கையும் சேர்ந்து ஏறியது, இறங்கியது.

"கிச்சுகிச்சு மூட்டாதீங்க அத்தை," என்று நெளிந்தாள். "போதும் லா. காஞ்சிருச்சு."

"இரும்மா," என்றேன். இன்னொரு டிஷ்யூ எடுத்தேன்.